கையெழுத்து அப்பாவுடையது

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. நாங்கள் வியாசர்பாடியில் வசிக்கிறோம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகள் வெல்டிங் வேலை செய்தவர். பீடிப் பழக்கம் உண்டு. இப்போதும் ஒரு நாளைக்கு நான்கைந்து. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி மூன்று ஆண்டுகளாக இன்ஹேலர் கொடுத்து வருகிறார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் 93, 94 காட்டுகிறது. சென்ற வாரம், நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேரலாம் என்று சொல்லி இருபது பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். "எந்த மருந்து கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்றார் அங்கிருந்த பெண். என் தாய்மாமா, "ஏழைகளைச் சோதனை எலி ஆக்குகிறார்கள். அதற்குப் பதில் கடன் வாங்கியாவது வீட்டில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வை" என்கிறார். அப்பா எதுவும் பேசாமல் இருக்கிறார். நான் கையெழுத்துப் போடலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடக் கூடாது. அந்தக் கையெழுத்து அப்பாவுடையது. நல்ல நினைவோடும் தெளிவோடும் இருக்கும் ஒருவருக்காக மகளோ மகனோ ஒப்புதல் தர முடியாது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் முழுப் படிவத்தையும் அவருக்குப் படித்து விளக்க வேண்டும். படிவம் அவருக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில் இருக்க வேண்டும். இருபது பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதையே உங்கள் பதிலாக வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த வரிதான். மாமா பேசுகிறார், நீங்கள் கவலைப்படுகிறீர்கள், மூச்சு வாங்குகிறவர் மட்டும் ஓரமாக இருக்கிறார். முதலில் அவரிடம் கேளுங்கள்: "உங்களுக்கு என்ன பயம், அப்பா?"

மாமாவின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஏழை நோயாளிகளுக்குச் சரியாக விளக்காமல் ஆய்வுகளில் சேர்த்த செய்திகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன. 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு நிலைமை போனது. அதன் பிறகு விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். ஆய்வால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சை, பாதிப்புக்கு இழப்பீடு, ஒவ்வோர் ஆய்வையும் முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு என்று அவை கட்டாயப்படுத்துகின்றன. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் தெரியாத ஒரு சாதாரண மனிதரும் அதில் உட்கார வேண்டும் என்பது எனக்குப் பிடித்த விதி. உங்கள் மாமா கேட்கும் கேள்விகளை அங்கே கேட்க ஒருவர் வேண்டும் அல்லவா?

இப்போது அந்தப் பெண் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். "எங்களுக்கும் தெரியாது" என்றது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. ஆனால் அவர் உண்மையைத்தான் சொன்னார். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்யும். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவருக்குப் புதிய மருந்தைத் தந்துவிடுவார். பிறகு தேறியது மருந்தாலா, உடம்பின் தெம்பாலா என்று பிரிக்க முடியாது. யாருக்கு எது போகிறது என்பதை இரு தரப்புக்கும் மறைப்பதும் இதனால்தான்.

"என் அப்பாவுக்கு வெற்று மருந்து விழுந்துவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். பார்க்க மருந்து போலவே இருந்தாலும் உள்ளே மருந்தே இல்லாத அதை பிளாசிபோ என்கிறோம். இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும்.

ஐ.பி.எஃப். என்று ஒரு நோய் இருக்கிறது. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும். ஒரு காலத்தில் அதற்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தோம்: ஒரு ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன். உலகம் முழுவதும் கொடுத்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்று முழுமனதோடு நம்பினோம். அமெரிக்காவில் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவில் 77 பேருக்கு மூன்று மருந்துகளும், இன்னொரு பிரிவில் 78 பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். 2011-இல் அந்த மும்மருந்துப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து வாங்கியவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மருந்து வாங்கியவர்களில் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் மருந்துப் பிரிவில்தான் மிக அதிகம்.

அந்தக் கட்டுரையைப் படித்த நாளை நான் மறக்கவில்லை. என் கையால் அந்த மூன்று மருந்துகளையும் வாங்கிப் போனவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. அவர்கள் யாரும் எந்த ஆய்விலும் சேரவில்லை. யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை, யாரும் கணக்கு வைக்கவில்லை. சரியாகச் சோதிக்காத மருந்தை நம்பிக்கையோடு எழுதிக் கொடுப்பதும் ஒரு சோதனைதான். அதில் நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இன்று ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு நாங்கள் தரும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய இரண்டும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன என்பதும் வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளால்தான் தெரிந்தது.

மாமாவுக்குச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது, இது நம் ஊர்க் கதை. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அப்போது காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. படுக்கைகளோ மிகக் குறைவு. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஒற்றை அறைகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தவர்கள். ஆனாலும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. முடிவு 1959-இல் வெளியானது. உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்ற வழி அங்கிருந்துதான் திறந்தது. மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகையைப் படிக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதற்கு அந்த 193 பேரும் ஒரு காரணம். மாமா சொல்வது போல அவர்கள் ஏழைகள்தான். அவர்களால் பிழைத்தவர்களும் ஏழைகள்தான்.

இதனால் அப்பா சேர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு என்பது அவருக்காகச் செய்யும் சிகிச்சை ஆகாது. பின்னால் வருகிறவர்களுக்காக ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளும் முயற்சி. அவருக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதை மழுப்பி, "புது மருந்து, நல்லாகிவிடும்" என்று யாராவது ஆசை காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

சி.ஓ.பி.டி. ஆய்வுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி, இப்போது எடுக்கும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்கிறார்களா என்பது. பெரும்பாலும் பழைய மருந்து தொடர, அதற்கு மேல் புதிய மருந்தோ வெற்று மருந்தோ சேர்க்கப்படும். அப்படியானால் வெற்று மருந்து விழுந்தாலும் அப்பா இன்று இருக்கும் நிலைக்குக் கீழே தள்ளப்படுவதில்லை. சில ஆய்வுகளில் மட்டும் பழைய இன்ஹேலரைச் சில வாரங்கள் நிறுத்தவோ மாற்றவோ சொல்வார்கள். அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டி மருத்துவமனையில் சேர்கிறவராக அப்பா இருந்தால், அப்படிப்பட்ட ஆய்வில் அவர் சேர நான் விரும்ப மாட்டேன். நிறுத்தும் நாட்களில் மூச்சு முட்டினால் என்ன மருந்து கையில் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது, அந்த எண்ணில் உண்மையிலேயே ஆள் எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், ஓர் இரவு கூப்பிட்டும் பாருங்கள்.

அப்புறம், மருந்து மனிதர்களிடம் முதன்முறையாகச் சோதிக்கப்படுகிறதா, ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்த்த பிறகு வருகிறதா என்பதும் தெரிய வேண்டும். ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியாமல் இந்த வகை ஆய்வை நடத்த முடியாது. அதன் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்பதை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் அப்பாவிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சேர்ந்த பிறகு எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். மறுத்தாலும் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாட்கள் வைத்துப் படியுங்கள். இன்றே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துகிற இடம் எனக்குப் பிடிக்காது.

ஆக்ஸிஜன் மெஷின் வேண்டாம், சகோதரி. கடன் வாங்கி நிச்சயம் வேண்டாம். இதையும் ஆய்வுகள்தான் சொல்லிக்கொடுத்தன. ஓய்வில் இருக்கும்போதே ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தவர்கள் நாளைக்கு 15 மணி நேரமும் அதற்கு மேலும் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டால் ஆயுள் நீள்கிறது என்று 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஓரளவு குறைந்தவர்களுக்கும் நல்லதுதானே என்று பலரும் நினைத்தோம். 2016-இல் வெளியான ஆய்வில், ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களுக்கு அதனால் ஆயுளும் கூடவில்லை, மருத்துவமனைக்குப் போவதும் குறையவில்லை. அப்பாவுக்கு 93, 94. ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து காட்டினால் அப்போது பேசலாம்.

மெஷினுக்கு வைத்த பணத்தில் ஒரு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டி இழுக்கும் குழாய்) வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். அப்பா இன்ஹேலர் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அழுத்தி அடிக்கும் வகை என்றால் ஸ்பேசரோடு மெதுவாக இழுத்து, பத்து வரை எண்ணும் நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகைக்கு ஸ்பேசர் வேண்டாம். அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்து, மருந்து தொண்டையோடு நின்றுவிட, "மருந்து கேட்கவில்லை" என்று வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இதைச் சரிசெய்யாமல் எந்தப் புதிய மருந்தைத் தேடுவதும் வீண்.

நான்கைந்து பீடிதானே என்று விடாதீர்கள். புகைப்பதை முற்றிலும் விட்டவர்களின் நுரையீரல் தேயும் வேகம், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யப்பட்டது. எந்த இன்ஹேலரும் இந்த அளவுக்குச் செய்வதில்லை. திட்டாதீர்கள், ஆயுள் முழுக்கப் புகையிலும் நெருப்பிலும் வேலை செய்து உங்களை வளர்த்தவர் அவர். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800 11 2356. நீங்களே போன் செய்து அவர் கையில் கொடுங்கள்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்று: உதடு நீலம் பாரித்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், பேச்சு குழறினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் வருகிறவர்களிடம் "இவருக்கு சி.ஓ.பி.டி." என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருக்கு ஆக்ஸிஜனை அளவோடுதான் வைக்க வேண்டும்.