ஸ்காட்லாந்தில் ஏரியோரக் குடில்: முதலில் ஜூலையை மறந்துவிடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். ஜூலை கடைசியில் ஃபோர்ட் வில்லியம் அருகே ஏரிக்கரையில் கிளாம்பிங் (வசதிகளுடன் கூடிய முகாம்) குடில் எடுத்து, ஒரு வாரம் கயாக், பென் நெவிஸ் மலையேற்றம் என்று திட்டம். பிள்ளைகளுக்கு வயது 8, 13. என் மாமியாரும் (68) வருகிறார். எந்த வகைக் குடில் நல்லது?

குடிலைப் பற்றிப் பிறகு பேசலாம். மாதத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். உங்கள் படகையும் மலையையும்விட அந்த வாரத்தைத் தீர்மானிக்கப்போவது மிட்ஜ் என்ற பூச்சி. கொசுவைவிட மிகச் சிறியது. கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். ஜூலை, ஆகஸ்டு அதன் உச்சகாலம். காலையும் மாலையும் காற்று அசையாத ஈரமான நீரோரம்தான் அதற்குப் பிடித்த இடம். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைப்பதும் அதே இடத்தைத்தான்! மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. எனவே மரங்கள் சூழ்ந்த ஒதுக்கமான குடிலைவிட, காற்றுப்படும் மேட்டில் இருப்பதே மேல். பள்ளிகளின் மே கடைசி வார விடுமுறையில் போனால் பூச்சி அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருக்கும், இரவு 9.30 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலைதான் என்றால் தலைக்கு வலையும் பிக்காரிடின் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்து, ஏரி என்ற சொல். ‘லாக்’ என்றால் நன்னீர் ஏரியாகவும் இருக்கலாம், நிலத்துக்குள் நுழைந்த கடலாகவும் இருக்கலாம். ஃபோர்ட் வில்லியமை ஒட்டிய லாக் லின்னி உப்பு நீர், ஏற்றவற்றம் உண்டு. அதன் கோரன் குறுகலில் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் இழுக்கும். லாக் லோக்கி நன்னீர் ஏரிதான், ஆனால் மலைகளுக்கு நடுவே காற்று குழாயில் வருவதுபோல் பாயும். காற்றடைத்த துடுப்புப் பலகையை (மேலே நின்று துடுப்புப் போடும் மிதவை) வாங்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்; கரையிலிருந்து வீசும் காற்று அதை நொடியில் நடுநீருக்குத் தள்ளிவிடும். முதல் நாள் பயிற்சியாளருடன் அரை நாள் கயாக் போங்கள். மே மாதத்தில் தண்ணீர் ஏறத்தாழ 10 டிகிரிதான். விழுந்தால் மூச்சு திணறும். நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு நிதானமாகும்வரை காத்திருக்க வேண்டும். வெட்சூட்டும் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் ஒட்டு உடை) உயிர்காப்பு அங்கியும் நன்றாக நீந்துபவருக்கும் கட்டாயம்.

பென் நெவிஸை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். 1,345 மீட்டர், அதுவும் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். போய்வர சுமார் 17 கிலோமீட்டர், 7 முதல் 9 மணி நேரம். உச்சி அடிவாரத்தைவிட 8, 9 டிகிரி குளிராக இருக்கும். மே இறுதியிலும் மேலே பனி கிடக்கலாம், மேகம் இறங்கினால் பாதை தெரியாது. எட்டு வயதுக் குழந்தைக்கு இது தண்டனை. பதிலாக நெவிஸ் பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்து ஸ்டீல் அருவிக்கு நடங்கள். அருவியின் உயரம் சுமார் 120 மீட்டர். அங்கே ஆற்றின் மேல் மூன்றே கம்பிகளால் ஆன பாலம் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்காரர் அதைப் பார்த்த பிறகு பென் நெவிஸைக் கேட்கமாட்டார். பாதையில் சில இடங்கள் குறுகலாக, ஓரம் செங்குத்தாக இருக்கும். சின்னவரின் கையை விடாதீர்கள். மாமியாருக்கு அந்தப் பாதை வேண்டாம். ஏனோக் மோர் மலையின் கேபிள் கார் 650 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்தபடியே கூட்டிப்போகும். அதற்கு வானம் தெளிந்த நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேகத்துக்குள் தேநீர் குடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

இனி குடில். துணிக்கூடாரம் படத்தில்தான் அழகு. மூன்று நாள் விடாத மழைக்கு மின் சூடேற்றி உள்ள மரக்குடிலே தாங்கும். குளிர்கிறதே என்று கரியடுப்பை, அணைந்துபோனதாகத் தோன்றினாலும், உள்ளே கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். பணம் கட்டும் முன் உரிமையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கழிப்பறை குடிலுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை பொதுக் கட்டடத்துக்கு நடக்க வேண்டுமா? இரவு இரண்டு மணிக்கு, மழையில், டார்ச்சுடன் நடக்கப்போவது உங்கள் மாமியார்.