மாத்திரை போட்டால் எடை ஏறுமா, இறங்குமா? கேளுங்கள், சொல்கிறேன்

(நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு ஆரம்பித்து மூன்று மாதத்தில் 4 கிலோ ஏறிவிட்டது. சாப்பாடு அதேதான்.

சாப்பாடு அதேதான், ஆனால் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அத்தனையையும் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது, மிச்சம் சிறுநீரோடு போய்விடும். இத்தனை நாளும் சாப்பிட்டதில் ஒரு பங்கு அப்படிப் போயிருக்கும். இப்போது மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, அந்த ஓட்டை அடைபட்டு எல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. அப்புறம், சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது அவசரமாக வாயில் போட்டுக்கொள்கிறோமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை ஏற்றாத மாத்திரைகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின், போட்டால் இளைக்குமா?

சராசரியாக 2, 3 கிலோ. அதற்காக மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

தைராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால்?

கூடாது. கொழுப்போடு தசையும் கரையும், நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

எல்லாம் கலோரிக் கணக்குதான் சார். மாத்திரை மேல் பழி போடுவது சாக்கு.

கணக்கு சரி, ஆனால் பசி யார் கையில் இருக்கிறது? மனநோய்க்கான ஓலான்சபின் மாத்திரை போடுகிறவருக்குச் சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி வயிறு கேட்கும், அவரிடம் போய் மன உறுதி பேசுவீர்களா?

மருந்து இல்லாமலே நான் 12 கிலோ குறைத்தேனே.

சந்தோஷம். உங்களுக்கு அந்த மாத்திரை இல்லை, அவ்வளவுதான். பசியை அடக்கி எடை குறைக்கும் ஊசியான செமாக்ளுடைடு சோதனையையே பாருங்கள்: 68 வாரத்தில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மன உறுதி ஒரே நாளிலா காணாமல் போனது? அடங்கியிருந்த பசி திரும்பி வந்தது.

மெட்ஃபார்மின் எடை குறைக்குமா?

மேலே இருக்கிறது.

எனக்கு மெட்ஃபார்மின்...

மேலே!

ஆறு மாதமாக பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை). முகம் ஊதிவிட்டது, நேற்று நிறுத்திவிட்டேன்.

இதற்குத்தான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இத்தனை மாதத்தில், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் உங்கள் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கியிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக "ஸ்டீராய்டை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுங்கள்.

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இவர் கிளம்பிவிட்டேன் என்று சொல்லட்டும்.