2041-ல் உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கேள்வி: நான் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு மதிப்பீடு தயாரிக்க, 2041-ல் எங்கள் மக்கள்தொகை என்ன என்று கேட்கிறார்கள். கணக்கெடுப்பின்படி 1991-ல் 4,000, 2001-ல் 4,600, 2011-ல் 5,060 பேர். ஒருவர் 7,200 என்று போட்டுத் தருகிறார், இன்னொருவர் 5,800 என்கிறார். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான். பிறகு ஏன் ஊர் பெருகிக்கொண்டே போகிறது? எந்த எண்ணை நம்புவது?

(எண்களை, ஊர் தெரியாதபடி சற்று மாற்றியிருக்கிறோம்.)

பதில்: இருவரும் கணக்கில் தவறவில்லை. வெவ்வேறு வாய்பாட்டைப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரில் முதல் பத்தாண்டில் 600 பேரும் அடுத்த பத்தாண்டில் 460 பேரும் கூடியிருக்கிறார்கள். சராசரி 530. அதை மூன்று முறை கூட்டினால் 2041-க்கு 6,650 வரும். சதவீதமாகப் பார்த்தால் 15-ம் 10-ம். இவற்றின் பெருக்கல் சராசரி ஏறக்குறைய 12.5, அதை வட்டிக்கு வட்டி போல மூன்று பத்தாண்டு ஏற்றினால் 7,199. கூடுதலே பத்தாண்டுக்கு 140 குறைந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் 5,810. இவற்றில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் வித்தியாசம் 1,389 பேர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவில் இது நாளுக்கு 76,000 லிட்டருக்கு மேல். வாய்பாட்டை மாற்றியதற்கே இவ்வளவு!

மூன்று வாய்பாட்டுக்கும் உள்ள குறை ஒன்றுதான். கூடிய ஆட்கள் பிறந்தவர்களா, குடிவந்தவர்களா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைப் பிரிக்காமல் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு வழி கணக்கெடுப்பு ஏட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளின் எண்ணிக்கை தனியாகத் தரப்பட்டிருக்கும். அதை ஏழால் வகுத்தால் ஆண்டுப் பிறப்பு ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் ஊரில் 2001-ல் 560 குழந்தைகள், 2011-ல் 469 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 80 பிறப்பு 67 ஆகியிருக்கிறது, சராசரி 73.5, பத்தாண்டில் 735. அந்தக் காலத்தில் தமிழகத்தில் இறப்பு ஆயிரத்துக்கு ஏழரை அளவில் இருந்தது. சராசரி மக்கள்தொகை 4,830-க்குப் பத்தாண்டில் சுமார் 360 இறப்பு. பிறப்பில் இறப்பைக் கழித்தால் 375. கூடியதோ 460. மீதி 85 பேர் குடிவந்தவர்கள்.

இனி, பிள்ளைகள் குறைந்தும் ஊர் ஏன் பெருகுகிறது என்ற உங்கள் கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1998-99-ல் 2.2, 2005-06-ல் 1.8, 2019-21-லும் 1.8. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்ய 2.1 வேண்டும். நூறு பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறப்பதாலும், சில பெண்கள் பிள்ளைபெறும் வயதுக்கு முன்பே இறந்துவிடுவதாலும்தான் அந்த உபரிப் புள்ளி. ஈடு மட்டத்துக்குக் கீழே வந்து இருபது ஆண்டாகியும் பிறப்பு இறப்பை மிஞ்சுவதற்குக் காரணம் வயதுக் கட்டமைப்பு. 1980-களிலும் 90-களிலும் அதிகமாகப் பிறந்த பெண்கள் பின்னர் தாய்மார்கள் ஆனார்கள். ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பெறுகிறவர்கள் அதிகம். இன்னொரு பக்கம் ஆயுள் நீண்டிருக்கிறது. கொள்ளுப்பாட்டி, பாட்டி, தாய், குழந்தை என நான்கு பேரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கும் வீட்டைப் பாருங்கள்: ஒரே ஒரு பிரசவம், ஆனால் நான்கு தலைமுறைக்கும் தண்ணீர் வேண்டும். இந்த உந்துதல் நிரந்தரமல்ல. 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு கூடக்கூட இறப்பும் கூடும். பிறப்புக் கோடும் இறப்புக் கோடும் ஒருநாள் சந்திக்கும். 7,199 என்ற எண் அந்தச் சந்திப்பையே கணக்கில் எடுக்கவில்லை. அதனால் அதை ஒதுக்கிவிடலாம்.

இடப்பெயர்வுதான் பெரிய புதிர். 2001-க்கும் 2011-க்கும் இடையில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதம் வளர்ந்தது, நீலகிரி 3.5 சதவீதம் தேய்ந்தது. இந்த இடைவெளி பிரசவ அறையில் உண்டானதல்ல. வேலை தேடி வந்தவர்களும் போனவர்களும் உண்டாக்கியது.

ஆகவே 2011-லிருந்து தாவாமல் இன்றைய ஊரை எண்ணுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். மகளிர் குழுவிலிருந்து ஏழு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 வீடு என்றால் 1,450 வீடு ஒரு வாரத்தில் முடியும். ஆறு மாதமாக இங்கே தங்குகிறவர், ஆறு மாதமாக வெளியே இருப்பவர் இருவரையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோர், 15 முதல் 29 வயதுப் பெண்கள், 60-க்கு மேற்பட்டோர் ஆகிய மூன்று எண்களையும் கட்டாயம் எடுங்கள்.

பிறப்புக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ‘ஊரில் பிறப்பே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், பிரசவமெல்லாம் மருத்துவமனையில். ஊர்ப் பதிவேடு காலியாக இருப்பதில் வியப்பில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். கர்ப்பிணிகளைப் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு வைத்திருக்கும் கணக்கு அவரிடம் இருக்கும். அதில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்களைக் கழித்து, இங்கிருந்து தாய்வீடு போனவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறப்பையும் மருத்துவமனையில் நடந்தவை உட்பட வீடு வீடாகக் கேட்பதே நல்லது. வாக்காளர் பட்டியலில் குழந்தைகளும் வட மாநிலத் தொழிலாளர்களும் இருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டில் கல்யாணமாகிப் போன மகளும் இறந்துபோன தாத்தாவும் இருக்கக்கூடும். இரண்டையும் நம்பி மக்கள்தொகை போடாதீர்கள். பழைய எண்கள் வருவாய்க் கிராமத்துக்கா, ஊராட்சிக்கா என்பதையும் பாருங்கள். ஒரு குக்கிராமம் இடையில் பக்கத்து நகராட்சியோடு சேர்ந்திருந்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

இப்படி 2026-ல் எண்ணி 5,350 வந்தால், ஆண்டுக்குப் பிறப்பு 58, இறப்பு 45, குடிவரவு 9 என்றால், ஆண்டுக் கூடுதல் 22. பதினைந்து ஆண்டில் 330 சேர்ந்து 5,680. இதுவும் பிறப்பு இனி குறையாது என்ற எண்ணத்தில் போட்டதுதான். ஆகவே சற்று மேல்வரம்பு. ஆனால் பக்கத்தில் ஒரு நூற்பாலை வந்து 300 தொழிலாளர் தங்க விடுதி கட்டினால், அது 23 ஆண்டு இயற்கைப் பெருக்கத்துக்குச் சமம். மனை அப்ரூவல், ஆலை அனுமதி, கல்லூரி அறிவிப்பு எதுவும் வட்டாரத்தில் நகர்கிறதா என்று விசாரித்து, அதை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள்; சதவீதத்துக்குள் புதைத்துவிடாதீர்கள்.

தொட்டியையும் மோட்டாரையும் வழக்கமாக 15 ஆண்டுக்கும், பகிர்மானக் குழாயை 30 ஆண்டுக்கும் வடிவமைப்பார்கள். தொட்டி பிற்பாடு போதாவிட்டால் இன்னொன்று கட்டலாம்; தெருவை மறுபடி தோண்டுவது கடினம். மேல்வரம்பைக் குழாய்க்கு வையுங்கள். குழாய் இணைப்பை ஆள் கணக்கில் போடாமல் வீட்டுக் கணக்கில் போடுங்கள். 2011-ல் தமிழகத்தில் வீட்டுக்குச் சுமார் 3.9 பேர். தனிக்குடித்தனம் பெருகி உங்கள் ஊரில் அது 3.5 ஆனால், அதே 5,060 பேருக்கு 1,297 இணைப்பு போய் 1,446 வேண்டியிருக்கும்.