கோடியக்கரை முதல் தரங்கம்பாடி வரை ஒரே நாளில்: கேள்வி பதில்

முந்தின இரவு வேளாங்கண்ணியிலோ வேதாரண்யத்திலோ தங்கல். விடியலில் கோடியக்கரை சரணாலயம், முற்பகலில் அகஸ்தியம்பள்ளியும் வேதாரண்யம் கோயிலும், பிற்பகலில் தரங்கம்பாடி. இந்தச் சுற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். லாட்ஜ் வாடகையும் கார் வாடகையும் மட்டும் கேட்காதீர்கள், அது சீசனுக்குச் சீசன் மாறும்.

புதுப்பயணி: சென்னையிலிருந்து காரில் வருகிறோம். தரங்கம்பாடி வழியிலேயே இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் கோடியக்கரை போனால் என்ன சார்?

பதில்: தரங்கம்பாடிக் கோட்டை மூன்று மணிக்கும் அங்கேயேதான் இருக்கும். வெளிமான் இருக்காது. மான்கள் புல்வெளியில் மேய்வது விடிந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைக்கும், பிறகு வெயில் சாய்ந்த பின்பும்தான். நடுப்பகலில் புதர் ஓரமாகப் படுத்துவிடும். அப்படியே தெரிந்தாலும் தரையிலிருந்து எழும் கானலில் படம் கலங்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் கானலுக்கு மருந்து கிடையாது.

நேரக் கணக்கு இப்படி: வேளாங்கண்ணியிலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஆறேகால் வாக்கில் வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பதினொரு கிலோமீட்டர். ஆறரைக்கு வனத்துறைச் சோதனைச் சாவடி. ஒன்பதரை வரை புல்வெளியும் ராமர் பாதம் மேடும். பத்தரைக்கு அகஸ்தியம்பள்ளி. பதினொன்றுக்கு வேதாரண்யம் கோயில், ஏனென்றால் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். பிறகு நாகை, காரைக்கால் வழியே தரங்கம்பாடி, சாப்பாட்டையும் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். வரிசையைத் திருப்பினால் மான், கோயில் இரண்டும் போய்விடும்.

நிக்கான்நேசன்: போன வாரம் போனேன். கறுப்பு ஆண் மான் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழுப்பு. சீசன் தவறா?

பதில்: கொம்பு இருந்ததா என்று பார்த்தீர்களா? பழுப்பு உடம்பில் முறுக்குக் கொம்பு இருந்தால் அது வளரும் ஆண். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. முதுகு கறுக்க இரண்டு மூன்று வயதாக வேண்டும். நன்றாகக் கறுத்த ஆண்கூட மழைக்குப் பிறகு வெளிறிவிடுவது உண்டு. எல்லை பிடித்து நிற்கும் ஆண் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்திருக்கும். புல்வெளியில் அந்தக் குவியல் தெரிந்தால் எதிரே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே உட்காருங்கள். அது திரும்பி வரும். வண்டியை மான் பொருட்படுத்தாது. இறங்கி நடக்கும் ஆளைக் கண்டால் ஓடிவிடும். இறங்காதீர்கள், கதவையும் அடிக்காதீர்கள்.

வந்தியத்தேவன்_2.0: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் படகோட்டிப் பெண் வருவாளே, அந்தக் கலங்கரை விளக்கம் எங்கே இருக்கிறது?

பதில்: சோழர் காலத்தது என்று ஊரில் சொல்லப்பட்ட பழைய செங்கல் கட்டடத்தின் மிச்சம் கடலோரத்தில் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. இப்போது செங்கல் குவியலைத்தான் பார்க்கலாம். ஊரில் நிற்கும் உயரமான விளக்கம் நவீன காலத்தது, அதை எடுத்து ‘சோழர் விளக்கம்’ என்று படம் போடாதீர்கள்.

நெய்தல்: பூநாரை பார்க்க டிசம்பரா ஜனவரியா? இரண்டு முறை போய் ஏமாந்தோம். ஆயிரக்கணக்கில் வரும் என்கிறார்களே.

பதில்: மாதத்தைவிடத் தண்ணீரின் ஆழம்தான் முக்கியம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை உறிஞ்சி, உப்புநீர் இறால், பாசி போன்றவற்றை வடிகட்டித் தின்னும் பறவை. கால் எட்டும் ஆழம்தான் அதற்கு வசதி. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஆண்டில் சதுப்பு முழுக்க ஆழமாகிவிடும், உப்பும் நீர்த்துவிடும், கூட்டம் சிதறிப்போகும். மழை நின்று நீர் வற்றத் தொடங்கும்போது திரும்பக் கூடும். அதனால் பொதுவாக ஜனவரி, பிப்ரவரி நம்பகமானது. நவம்பர் சூதாட்டம்.

இடத்திலும் தவறு செய்திருப்பீர்கள். பூநாரை சரணாலயப் புல்வெளியில் இருக்காது. மேற்கே விரியும் வேதாரண்யம் சதுப்பிலும் உப்பளப் பாத்திகளிலும்தான் இருக்கும். உப்பளக் கரைகள் பலவும் குத்தகை நிலம், கேட்காமல் ஏறக்கூடாது. வனத்துறைச் சாவடியில் ‘இன்று கூட்டம் எந்தப் பக்கம்’ என்று கேளுங்கள், உள்ளூர் வழிகாட்டி கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள். பறவை அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும். 8x42 தொலைநோக்கியில் ரோஸ் கோடாகத் தெரியும், முழுதாகப் பார்க்க முக்காலியில் வைத்த ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சதுப்பின் மேல் வெள்ளையாக உப்பு பொருக்குத் தட்டியிருக்கும். பார்க்கக் கெட்டி, அடியில் களி. காரை அதில் இறக்கினால் அச்சு வரை போகும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும். டயர் காற்றை 18, 20 psi வரை இறக்கி, முன்னால் பனை மட்டை போட்டு, ஆட்களை இறக்கிவிட்டு மெதுவாக எடுங்கள். கரையேறியதும் காற்றை நிரப்ப மறக்காதீர்கள்.

பூநாரைக்காகவே வந்து கொசு உள்ளானைப் பார்க்காமல் போவது பெரிய அநியாயம். கைக்குள் அடங்குகிற அந்தப் பறவை ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்துகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருவது இப்படிப்பட்ட வலசையைத் தொடரத்தான். 2002-ல் இந்தச் சதுப்பு உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கும் வலசைப் பறவைகள் முக்கியக் காரணம்.

திருச்சி_அம்மா: கோடியக்கரையில் நின்றால் இலங்கை தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். தெரியுமா தம்பி?

பதில்: தெரியாதும்மா. யாழ்ப்பாணக் கரை 50 கிலோமீட்டருக்கு மேல். கரையில் நிற்கிறவருக்குக் கடல்விளிம்பு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. 50 மீட்டர் உயரத்தில் ஏறினாலும் 25 கிலோமீட்டர். எதிர்க்கரை தட்டையான நிலம், அங்கே 20 மீட்டர் பனை நின்றால் அதற்கு இன்னொரு 16. மொத்தம் 41. பூமி வளைந்திருப்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நல்ல இடம்.

கதர்: அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் ஒன்றுதானே? இறங்க வேண்டுமா?

பதில்: இறங்குங்கள். தண்டியில் காந்தி உப்பெடுத்தது 1930 ஏப்ரல் 6. ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு கிளம்பியது ஏப்ரல் 13, வேதாரண்யம் சேர்ந்தது 28, உப்பெடுத்துக் கைதானது 30. நடந்தது சுமார் 240 கிலோமீட்டர். தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவருக்குத் தண்டனை என்று அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பது? வேதாரண்யத்தில் வரவேற்று இடம் கொடுத்தவர் வேதரத்தினம் பிள்ளை. தூணைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சுற்றிலும் உப்பளம் இருப்பதால் எதற்காக இந்த ஊர் என்பது தானாகப் புரியும்.

குந்தவை_ரசிகை: சோழர் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏற அனுமதி உண்டா?

பதில்: மேலே பார்க்கவும். ஏற எதுவும் மிச்சமில்லை.

மட்டக்குதிரை: குதிரைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அரேபியக் கப்பல் கவிழ்ந்து நீந்தி வந்த காட்டுக் குதிரைகள் என்று வழிகாட்டி சொன்னார்.

பதில்: கப்பல் கதைக்கு ஆதாரம் கிடையாது. அவை காட்டுக் குதிரைகளும் அல்ல. வளர்த்த மட்டக் குதிரைகள் கவனிப்பாரின்றி விடப்பட்டு, பெருகி, காட்டில் பிழைக்கக் கற்றவை. படம் எடுக்க அழகு, மறுக்கவில்லை. மானுக்கு அழகல்ல.

மட்டக்குதிரை: ஏன்? எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன. புல்லுக்கா பஞ்சம்?

பதில்: கோடையில் பஞ்சம்தான். 200 கிலோ எடையுள்ள மட்டக் குதிரை ஒரு நாளில் தன் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் காய்ந்த தீவனம் தின்னும், அதாவது நான்கு ஐந்து கிலோ. 35 கிலோ வெளிமானுக்கு ஒரு கிலோவுக்குள் போதும். ஒரு குதிரையின் பங்கில் நான்கைந்து மான் பிழைக்கும். தவிர, குதிரைக்கு மேல் தாடையிலும் முன்பற்கள் உண்டு, மானுக்கு இல்லை. அதனால் குதிரை புல்லை அடியோடு ஒட்டக் கடிக்கும். நன்னீர்க் குட்டைகளிலும் இதே போட்டி.

வேதைவாசி: குதிரையை ஏன் குறை சொல்கிறீர்கள்? புல்வெளியைத் தின்றது சீமைக் கருவேலம். அதை விட்டுவிட்டீர்கள்.

பதில்: விடவில்லை, அதுதான் பெரிய எதிரி. வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். ஆபத்தைத் தூரத்தில் கண்டு ஓடியே பிழைக்கிற விலங்கு அது. புதர் மண்டினால் அதன் வேகம் வீண். ஆனால் கருவேலத்தையும் குதிரையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இனிக்கும் காயைக் குதிரை தின்னும், விதை சாணத்தோடு உரமும் சேர்ந்து புல்வெளி நடுவில் விழும்.

வேதைவாசி: மானும்தான் காயைத் தின்கிறது! மாடு தின்கிறது. எல்லாரையும் வெளியேற்றுவீர்களா?

பதில்: மானும் தின்னும், விதையும் பரப்பும், உண்மை. வித்தியாசம் வாயின் அளவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. சரணாலயம் 1967-ல் அறிவிக்கப்பட்டபோது முதலில் மனதில் இருந்தது வெளிமான்தான். முதலிடம் யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மட்டக்குதிரை: பிடித்து எங்கே விடுவது? கொன்றுவிடலாம் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம், பிடித்துப் பராமரிப்புக்கு மாற்றலாம். எதைச் செய்தாலும் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் பயனில்லை. வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும், முன்னைவிட அடர்த்தியாக.

புல்லாங்குழல்: 2018-ல் கஜா புயல் அடித்த பிறகு காடே போச்சு, இதில் குதிரை எங்கே வந்தது?

பதில்: கஜாவில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன, விலங்குகளும் செத்தன. பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைக்காடு மெதுவாகத்தான் மீளும். மரம் விழுந்து வெளிச்சம் பட்ட இடத்தை முதலில் பிடிப்பது கருவேலம். ஆக மறுபடியும் விதை யார் கொண்டுவருகிறார் என்ற கேள்விக்கே வருகிறோம். குதிரைப் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சைக்கிள்காரன்: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் அதே நாளில் சேர்க்கலாமா?

பதில்: முடியாது. படகுப் பயணத்துக்கே அரைநாள் போகும். தனி நாள் வையுங்கள்.

டேனிஷ்கட்டை: தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம் போதுமா?

பதில்: போதும், வெள்ளிக்கிழமை தவிர. கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, இதைப் பாராமல் வந்து பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. நகர வாயிலில் இறங்கி அரசர் தெருவில் நடங்கள். சீயோன் ஆலயம் 1701, எதிரிலேயே புதிய எருசலேம் ஆலயம் 1718. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அங்கேதான் அடக்கம். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சானதும் இந்த ஊரில்தான். தெரு முடிவில் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில், பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. கடலைப் பார்த்து நின்றால் மாலை வெயில் முதுகுப்பக்கம், படத்துக்கு நல்லது. தடுப்புக் கற்களில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.

இருகுழந்தை: குரங்குகளுக்கு வாழைப்பழம் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. பழத்துக்குப் பழகிய குரங்கு அடுத்த காரின் கண்ணாடிக்குள் கைவிடும், கடியும் விழும். பை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் உள்ளே, கண்ணாடி மேலே.

அலைமகள்: பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்க்கலாமா?

பதில்: ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலம். ஆனால் இரவில்தான் கரையேறும், பகல் சுற்றில் கிடையாது. வனத்துறைப் பொரிப்பகத்தில் குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள். விடும் நாளை வனத்துறை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பாண்டிநண்பர்: காரைக்காலில் பெட்ரோலும் ‘மற்றதும்’ மலிவாமே?

பதில்: பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் உங்கள் நாள் முடியும்.

ஞாயிறுபயணி: காலையில் எழுவது கஷ்டம். பதினொரு மணிக்கு சரணாலயம் போனால் மான் தெரியுமா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

ஆதித்தன்: சோழர் கலங்கரை...

பதில்: செங்கல் குவியல்.

ரயில்விரும்பி: கார் இல்லை. ரயிலில் வர வழி உண்டா?

பதில்: திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்தது, 37 கிலோமீட்டர். பழைய மீட்டர் கேஜ் போல கோடியக்கரை வரை இது போகாது. அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் உப்புத் தூண் பக்கம், மீதிக்கு ஆட்டோ. ஆனால் விடியற்காலைக்குள் ரயிலில் வந்து சேர முடியாது. முந்தின நாளே வந்து வேதாரண்யத்தில் படுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவை இரவிலேயே பேசி வையுங்கள், ஐந்தரைக்குத் தெருவில் ஒன்றும் நிற்காது.