அம்மாச்சியின் தாத்தா எந்த ஊர்க்காரர்?

கேள்வி: ஐயா, என் அம்மாவைப் பெற்ற அம்மாச்சி மதுரை ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அவருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து பட்டாளத்துக்கு வந்து, பிறகு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தாராம். கத்தோலிக்கர். குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் ‘கார்க்’ என்ற ஊர்ப் பெயரும் மட்டும் இருக்கின்றன. அம்மாச்சியின் தையல் பெட்டியில் 102 என்று எண் பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடந்தது. கம்ப்யூட்டரில் தேடினால் கார்க்கில் அதே பெயரில் நூறு பேர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகி, அரசரடி, மதுரை

பதில்: அயர்லாந்தில் தொடங்காதீர்கள் சகோதரி, இங்கே தொடங்குங்கள். கார்க் என்பது ஊர் மட்டும் இல்லை, பெரிய மாவட்டமும் கூட. அங்கே பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ ஒருவருடைய தாத்தாவைத்தான் வீட்டுக்குக் கூட்டி வருவீர்கள். உங்களுக்கு வேண்டியது பங்கின் பெயர், அதாவது அவர் குடும்பம் எந்த மாதா கோயிலைச் சேர்ந்தது என்பது. அது நம் பக்கத்துக் காகிதங்களில்தான் முதலில் அகப்படும்.

அந்தப் பொத்தானைப் பத்திரமாக வையுங்கள். பட்டாளத்துப் பொத்தான் என்றால் 102 ரெஜிமெண்ட் எண்ணாக இருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் வைத்திருந்த ஐரோப்பியப் படை ஒன்று, கம்பெனி ஆட்சி 1858-ல் முடிந்த பிறகு அரசுப் பட்டாளத்தில் சேர்ந்து 102-வது ரெஜிமெண்ட், ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது. 1881-ல் அதையும் 103-வது ரெஜிமெண்டையும் சேர்த்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆக்கினார்கள். கம்பெனியின் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஐரிஷ் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகித் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். சிறு பிள்ளையாக அதில் தப்பியவர், இங்கே வந்து 1876-ல் தாது வருஷப் பஞ்சத்தையும் பார்த்திருக்கக்கூடும். அதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இனி ஒரு கணக்குப் போடுங்கள். மதுரைக்கு ரயில் வந்ததே 1875-ல். அதற்கு முன்பே அவர் ரயில்வேயில் சேர்ந்திருந்தால், நாகப்பட்டினத்திலோ திருச்சியிலோதான் இருந்திருப்பார். 1860-களின் தொடக்கத்தில் நம் பக்கத்தில் அந்தப் பாதைதான் முதலில் ஓடியது. பட்டாளமும் திருச்சியில்தான் பெரிதாக முகாமிட்டிருந்தது. ஆகவே கல்யாணமும் மூத்த பிள்ளைகளின் ஞானஸ்நானமும் திருச்சிப் பக்கத்துக் கோயில் ஏடுகளில் இருக்க வாய்ப்பு அதிகம். கடைசிப் பிள்ளைகளை மட்டும் மதுரையில் தேடுங்கள்.

பங்குத்தந்தைக்கு எழுதும்போது ‘எங்கள் முன்னோர் பற்றித் தகவல் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது. பெயர், ஏறத்தாழ எந்த வருடங்கள், மனைவி பெயர், எந்த ஏடு என்று எழுதுங்கள். நான் பதிவுத்துறையில் வேலை பார்த்தவன், பழைய ஏட்டைப் புரட்டுகிறவரின் சிரமம் தெரியும். கல்யாணப் பதிவு கிடைத்தால் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பெயர் நூறு பேரை நாலைந்து பேராகக் குறைத்துவிடும். கல்லறைக் கல்லையும் விடாதீர்கள், பிறந்த ஊரைக் கல்லில் வெட்டியவர்கள் உண்டு.

சென்னை மாகாணத்துக் கோயில் பதிவுகளின் நகல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கப் பதிவுகள் முழுமையாக அங்கே போய்ச் சேரவில்லை. இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். கம்பெனியின் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் கப்பலேற்றிய பட்டியல்களும் அங்கேதான். பிறகு அரசுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு விலகியிருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் தாள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கலாம். அந்தத் தாளில் பிறந்த பங்கு, பக்கத்து டவுன், மாவட்டம், சேருமுன் பார்த்த தொழில், உயரம், கண்ணின் நிறம்கூட எழுதியிருப்பார்கள்.

பங்கு தெரிந்த பிறகு அயர்லாந்துக்குப் போகலாம். அங்கே எல்லாருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியது 1864-ல்தான். உங்கள் பூர்வீகர் அதற்கு முன் பிறந்தவர் என்பதால் கோயில் ஏடுதான் கதி. அதில் பெயரெல்லாம் லத்தீனில் இருக்கலாம்: ஜான் என்பவர் யோவான்னஸ், ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் கூடவே வரும். இன்னொன்று, நம் வீடுகளைப் போலவே அங்கும் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது பரவலான வழக்கம். உங்கள் பைபிளில் மூத்த பையன் பெயர் என்ன? அதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் தீயில் எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, தேடுவது வீண்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எல்லாம் இல்லை. உள்நாட்டுப் போரில் 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஆவணக்காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி அதில் போனது. 1861 முதல் 1891 வரை எடுத்தவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் கத்தோலிக்கக் கோயில் ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. ஏறத்தாழ 1880 வரையிலான அந்தப் பக்கங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது.

கணக்கெடுப்பு இல்லாத குறையைக் கிரிஃபித் மதிப்பீடு என்ற வரிப் பட்டியல் ஓரளவு தீர்க்கும். 1847 முதல் 1864 வரை ஊர் ஊராக வீட்டையும் நிலத்தையும் அளந்து, யார் கையில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், பிள்ளைகள் பெயர் இருக்காது. அதனால்தான் மேலே சகோதரியிடம் தகப்பனார் பெயரைத் தேடச் சொன்னேன். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாக இருக்கின்றன, காசு கட்ட வேண்டியதில்லை. ஊரோடு தங்கிவிட்ட தம்பி தங்கைகளின் குடும்பங்களை அதில் தேடிப் பாருங்கள். குடும்பப் பெயருக்கு முன்னால் ‘ஓ’ சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை: ஓ’சல்லிவன், சல்லிவன் என்பது போல.