கண்ணில் மின்னும் ஒளி: மைக்ரேனா, வலிப்பா?

தலைவலிக்கு முன் கண்ணில் ஒளி மின்னுகிறது, வலிப்பாக இருக்குமோ என்று கேட்கிறீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி மெதுவாக ஊரும். பார்வையின் நடுவில் புள்ளியாகத் தொடங்கி, கோணல்மாணலான மின்னும் கோடாக விரிந்து ஓரத்துக்கு நகரும். பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடம் நீடிக்கும். மூளையின் மேலடுக்கான புறணியில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவும் மின்மாற்ற அலைதான் காரணம் என்று கருதப்படுகிறது. பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர் லெயாவ் 1944இல் முயல் மூளையில் கண்டு எழுதிய அதே அலை. பின்மண்டைப் பகுதி வலிப்போ சில நொடிகளில் பெருகி, பொதுவாக 2, 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் வண்ண வட்டங்கள் தெரிவது வழக்கம். அப்புறம், தலைவலியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வலிப்புக்குப் பின்னும் அது வரும். நினைவு தப்பினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் செயலிழந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.