அந்த வீட்டுல நான் யாரு?

அன்புள்ள அக்கா,

எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட்டா வெளிநாட்டுக்குப் படிக்க வந்து மூணு மாசம் ஆச்சு. என்னைத் தங்க வச்சிருக்கிற ஹோஸ்ட் ஃபேமிலி ரொம்ப நல்லவங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா ரூமுக்குப் போய் கதவ சாத்திக்கிறேன், அவங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுன்னுதான். நேத்து ஹோஸ்ட் அம்மா வந்து "எங்க மேல ஏதாவது கோவமா?"ன்னு கேட்டுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போட்டா இன்னும் அழுகை. நான் என்ன தப்பு பண்ணேன்?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

அன்புத் தங்கச்சி,

நீ தப்பு எதுவும் பண்ணல. தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு நீ சாத்துற கதவ வெளிய நிக்கிறவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். நானும் பதினேழு வயசுல இதே மாதிரி ஒரு வருஷம் இருந்தவதான். அழுக்குத் துணிய எங்க போடணும்னு கேக்கக் கூச்சப்பட்டு ஒன்பது நாள் பெட்டிக்குள்ளயே திணிச்சு வச்சிருந்தேன், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பாத்ரூம் சிங்க்ல ரெண்டு ரெண்டா அலசி கட்டிலுக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாம காயப்போடுவேன். ஈர வாடை அடிச்சு ஹோஸ்ட் அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டல, மெஷின் முன்னாடி கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு பட்டனா காட்டிக் குடுத்தாங்க, அடுத்த சனிக்கிழமை வீட்டுத் துணி மொத்தத்தையும் என் கையில குடுத்துட்டாங்க. அவங்க பையனோட சாக்ஸ ஜோடி சேத்து மடிச்சு வச்ச அன்னைக்குத்தான் எனக்கு அந்த வீட்டுல மூச்சு விட முடிஞ்சுது.

ரோட்டரி கிளப் நடத்துற ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச்ல 'முதல் ராத்திரி கேள்விகள்'னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க. உங்கள என்னன்னு கூப்பிடட்டும், அழுக்குத் துணி எங்க போடணும், காலைல பாத்ரூம் எனக்கு எந்த நேரம், வீட்டுல தினமும் நான் என்ன வேலை செய்யணும், இப்படிப் போகும். மூணு மாசம் கழிச்சுக் கேட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தக் கடைசிக் கேள்விய மட்டுமாவது இன்னைக்கே கேளு, ப்ளீஸ்.

நீ அவங்களுக்குப் பாரம்னு நினைக்கிற பாரு, அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உன்ன மாதிரி பிள்ளைங்கள வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஎஃப்எஸ்னு ஒண்ணு இருக்கு, அது 1915ல போர்க்களத்துல ஆம்புலன்ஸ் ஓட்டின தன்னார்வலர்கள்ல இருந்து வந்த அமைப்பு. ரெண்டு உலகப்போர்லயும் காயம்பட்டவங்கள ஏத்திட்டுப் போனவங்க, இனி பிள்ளைங்க ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் வாழ்ந்து பழகட்டும்னு 1947ல 10 நாட்டுல இருந்து 52 பேர அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. இந்த மாதிரி திட்டங்கள்ல ஹோஸ்ட் ஃபேமிலி பெரும்பாலும் காசு வாங்காமதான் ரூம ஒதுக்கித் தர்றாங்க. ரூமுக்குள்ள சத்தமில்லாம ஒரு ஆள் இருக்கணும்னு யாரும் இவ்வளவு செய்யமாட்டாங்க, நீ ஹால்ல வந்து உக்காரணும்னுதான் செய்றாங்க.

அழுகைக்கு வர்றேன். 1955ல லிஸ்கார்டுன்னு ஒரு நார்வேக்காரர், வெளிநாடு போய் வந்த ஸ்காலர்ஷிப்காரங்கள ஆராய்ஞ்சு, முதல்ல உற்சாகம், நடுவுல ஒரு பள்ளம், அப்புறம் மேல ஏறும்னு எழுதினார், யூ எழுத்து மாதிரி. பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாருக்கும் இப்படியேதான்னு ஒத்துக்கல, ஆனா நீ இருக்கிற பள்ளம் எனக்கு நல்லாத் தெரியும். நாள் பூரா வேற பாஷையக் கேட்டு சாயங்காலம் மண்டையே கனக்கும், ஒரு வார்த்தை பேசக்கூடத் தெம்பு இருக்காது. அத அவங்ககிட்ட அப்படியே சொல்லு: "கோவம் இல்ல, சாயங்காலம் அரை மணி நேரம் தனியா இருந்தா சரியாயிடுவேன்." அந்த அரை மணி கதவ சாத்திக்கோ, மத்த நேரம் திறந்து வை, ஹோம்வொர்க்க டைனிங் டேபிள்ல வச்சு எழுது. வீட்டுக்குப் போடுற வீடியோ காலையும் தூங்கப்போற நேரத்துல இருந்து மாத்து, வாரத்துக்கு ரெண்டு நாள், பகல்ல.

ஒண்ணு மட்டும் தனியா சொல்லிடறேன், ஏன்னா இத வேற பிள்ளைங்களும் படிப்பாங்க. தங்கியிருக்கிற வீட்டுல பயமா இருந்தா, யாராவது தப்பா நடந்தா, சகிச்சுட்டு இருக்காதீங்க, உடனே உங்க எக்ஸ்சேஞ்ச் திட்டத்தோட கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லுங்க. வீடு மாத்தச் சொல்றது நன்றி கெட்டதனம் இல்ல.

உன் வீடு அப்படி இல்ல, கோவமான்னு வந்து கேக்குற அம்மா இருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் போய் அவங்க பக்கத்துல உக்காரு, உனக்கு என்ன வேலை குடுத்தாங்கன்னு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா